இருட்டில் படிக்க, கையில் பிடிக்க வேண்டியிராத எல்.இ.டி விளக்கை வீட்டிலேயே செய்ய முடியுமா?

தாராளமாக. நான் செய்தது மூன்றாவது முயற்சியில்தான் தேறியது.

மகள் பிறந்த புதிதில் எங்கள் அறையில் ஒன்பது மணிக்கே ஊரடங்கு. ஜீரோ வாட்ஸ் பல்பு போட்டாலும் விழித்துக்கொள்வாள். முதலில் செல்போன் டார்ச்சை ஒரு டம்ளருக்குள் நிறுத்தித் தலையணை மேல் வைத்தேன். பக்கம் புரட்டும்போது சரிந்து நேராகக் குழந்தை முகத்தில் அடித்தது. அடுத்து, பழைய தொப்பியின் விளிம்பில் எல்.இ.டி ஒட்டினேன். பார்க்கிற இடத்துக்கெல்லாம் வெளிச்சம் கூடவே வந்தது, கோளாறே அதுதான். "என்னங்க" என்று மனைவி கூப்பிட்டதும் திரும்பிவிட்டேன். அன்றோடு தொப்பி பரணுக்குப் போயிற்று.

கழுத்தில் மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் வெளிச்சம் மடியில் இருக்கும் புத்தகத்திலேயே நிற்கும்.

பழைய வீட்டு ஒயரிங்கிலிருந்து உருவிய ஒற்றைக் கம்பிச் செம்பு ஒயர் இரண்டை, மேலுறையை உரிக்காமல், முறுக்கிச் சேர்த்துக் குதிரை லாட வடிவில் வளைத்தேன். வளைத்த வாக்கில் நிற்பதும் இதே ஒயர், கரண்டைக் கொண்டுபோவதும் இதே ஒயர். பல இழை ஒயர் துவண்டு விழும், வேண்டாம். இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு எல்.இ.டி. நடுவில், பின்கழுத்துப் பக்கம், செல் பெட்டி. உடைந்த பொம்மைக் காரிலிருந்து கழற்றிய பெட்டி அது. மூன்று பென்சில் செல் பிடிக்கும், சுவிட்சும் அதிலேயே இருந்தது. பின்னால் இருக்கும் கனத்தில் விளக்கு முன்பக்கம் சரிவதில்லை. மல்லாந்து படுத்துப் படிக்கிறவர்களுக்கு அது பிடரியில் உறுத்தும். அவர்கள் நீள ஒயர் விட்டுப் பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

கணக்கு சின்னதுதான். வெள்ளை எல்.இ.டி எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். மூன்று செல் சேர்ந்தால் 4.5. மிச்சமுள்ள 1.5 வோல்ட்டை, கரண்டை மட்டுப்படுத்தும் சின்னப் பாகமான ரெசிஸ்டர் தின்ன வேண்டும். 100 ஓம் (அதன் மேல் பழுப்பு, கறுப்பு, பழுப்பு வளையங்கள் இருக்கும்) போட்டால் 15 மில்லி ஆம்பியர் ஓடும். சாதாரண 5 மி.மீ. எல்.இ.டி 20 வரை தாங்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள். ஒன்று அதிகம் இழுத்துப் பிரகாசமாக எரியும், மற்றது அழுதுவடியும். ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள். நீளமான கால் பிளஸ். காலை வெட்டிவிட்டீர்கள் என்றால், அடிவிளிம்பில் தட்டையாக இருக்கும் பக்கம் மைனஸ்.

செல்லுக்கு முன்னால் பவர் பேங்க்கில்தான் இணைத்துப் பார்த்தேன். எரிந்தது. அரை நிமிடத்தில் அணைந்தது. மறுபடி அழுத்தினால் மறுபடி அரை நிமிடம். சால்டரிங்தான் (ஈயப் பற்று) விட்டுப்போயிற்று என்று இரண்டு தடவை பிரித்து ஒட்டினேன். கடைசியில் பார்த்தால் தப்பு என் பக்கம் இல்லை. பல பவர் பேங்க்குகள், இழுக்கிற கரண்ட் ரொம்பக் குறைவாக இருந்தால், போன் சார்ஜ் ஏறி முடிந்துவிட்டது என்று நினைத்துத் தாமாகவே அணைந்துவிடும். இரண்டு எல்.இ.டி அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இன்னொன்று, கண்ணாடி மாதிரித் தெளிவான எல்.இ.டி பக்கத்தின் நடுவில் வட்டமாக வெள்ளைப் பொட்டு ஒன்று வைக்கும். ஓர எழுத்துகள் இருட்டில் கிடக்கும். அதன் தலையை உப்புத்தாளில் மங்கும்வரை தேய்த்துவிட்டால் வெளிச்சம் பரவும். இது ஒரு நிமிட வேலை, இதற்குக் கிடைத்த பலன் வேறு எதற்கும் கிடைக்கவில்லை. பக்கவாட்டில் கசியாமலிருக்க, கறுப்புப் பேனா மூடியை அரை அங்குலத்துக்கு வெட்டித் தொப்பியாக மாட்டினேன். நிறத்தில் வார்ம் ஒயிட் (மஞ்சள் சாயல் உள்ள வெள்ளை) கேட்டு வாங்குங்கள். வெறுமனே ஒயிட் என்றால் நீலம் தூக்கலானதைத்தான் தருவார்கள்.

ஒரே ஒரு பொத்தான் செல்லில் எல்.இ.டியைச் சொருகினாலும் எரியும். செய்வது அதைவிடச் சுலபம் வேறில்லை. ஆனால் தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அதைத் தொடாதீர்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடக்கூடியது. அதனால்தான் என் பெட்டி மூடி திருகாணி போட்டது.

எரியவிட்ட முதல் ராத்திரி, 100 ஓம் எனக்கே கண் கூசியது. சுற்றிலும் கும்மிருட்டு என்றால் கொஞ்ச வெளிச்சமே போதும். 220 ஓமுக்கு (சிவப்பு, சிவப்பு, பழுப்பு) மாற்றினேன். செல்லும் இரண்டு மடங்கு நாள் வருகிறது. மனைவிக்கு இந்த வெளிச்சம் பிடித்துப்போய், நடுராத்திரி டயப்பர் மாற்ற இப்போது அதை அவள்தான் மாட்டிக்கொள்கிறாள். எனக்கு இன்னொன்று செய்ய வேண்டும். பொம்மைக் கார் ஏதாவது உடையட்டும் என்று காத்திருக்கிறேன்.