வராத சொல் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

முலுண்டில் இருக்கிறேன், வயது 39, கணக்கு எழுதும் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் இடது பக்க மூளையில் கட்டி என்று தெரிந்தது. ஒலிகோடென்ட்ரோகிளியோமா, கிரேடு 2, மெதுவாக வளரும் வகை. விழித்திருக்கும்போதே ஆபரேஷன் செய்தார்கள். படங்களைக் காட்டிப் பெயர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு படத்தில் வாய் நின்றுவிட்டது. பிறகு பரேல் ஆஸ்பத்திரியில் 30 நாள் ரேடியேஷன். கட்டியில் கொஞ்சம் இன்னும் உள்ளே இருக்கிறது.

இப்போது இந்த நோயைப் பற்றி ராத்திரியில் எழுதுகிறேன். வலிப்பு மாத்திரை போட்டால் மந்தமாக இருக்கிறது, எரிச்சலும் வருகிறது. அதனால் எழுதும் நாட்களில் சில சமயம் விட்டுவிடுகிறேன். சில சொற்கள் வருவதில்லை. இடம் விட்டு வைத்தால் மனைவி நிரப்பித் தருகிறாள். மூன்று சந்தேகங்கள். ‘வாழ்க்கை எனும் மின்சார ரயில்’ என்ற தலைப்பு சரியா? மனைவி நிரப்பியது என் எழுத்து ஆகுமா? சொந்தப் பெயரில் வெளியிடலாமா? மூன்று பக்கம் இணைத்திருக்கிறேன்.

எஸ்., மும்பை

அன்புள்ள எஸ்.,

முதலில் மாத்திரை. தம்பி, இதை நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம். நீங்கள் தினமும் முலுண்டிலிருந்து லோக்கல் ரயிலில் போகிறவர், வாசலில் காற்று வாங்கிக்கொண்டு நிற்பதாக அந்தப் பக்கங்களில் வேறு எழுதியிருக்கிறீர்கள். மந்தம், எரிச்சல் எல்லாம் அந்த மாத்திரையால் வரக்கூடியதுதான். டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றுவார், மருந்தையே கூட மாற்றுவார். நீங்களாக ஒரு வேளை கூட விடக் கூடாது. எந்தப் பக்கமும் அதற்கு ஈடாகாது.

சொந்தப் பெயரா புனைபெயரா என்பது உங்கள் வீட்டிலும் ஆபீசிலும் பேசித் தீர்க்க வேண்டியது. தலைப்பு வேண்டாம். வாழ்க்கையை ரயிலுக்கு ஒப்பிட்டு முதல் பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். அதில் நீங்கள் எங்குமே இல்லை. இரண்டாம் பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறது. ரேடியேஷன் முகமூடியைக் கழற்றியதும் கன்னத்திலும் நெற்றியிலும் வலைக்கட்டம் பதிந்திருக்கும், வீடு திரும்பும் ரயிலில் அது மறைய குர்லா வந்துவிடும் என்கிறீர்கள். மாற்றுத்திறனாளிகள் பெட்டியில், பார்க்க நன்றாக இருக்கிறாயே, உனக்கென்ன என்று கேட்கிறவர்கள், அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் நகர்ந்து இடம் தருகிறார்கள். பரேல், தாதர், மாட்டுங்கா, சயான், குர்லா. ஐந்து ஸ்டேஷன். குர்லாவில் ஏறுகிற ஆள் மறுபடியும் உனக்கென்ன என்கிறார். இதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அடுத்த வரியிலேயே ‘நோய் எனக்குப் பொறுமையைக் கற்றுத் தந்தது’ என்று எழுதி அதைக் கெடுத்துவிட்டீர்கள். அவசரம் என்ன? திருவதிகையில் அப்பர் சூலைநோயோடு பாடிய முதல் பதிகத்தில் வயிறு இருக்கிறது, குடல் இருக்கிறது, தாங்க முடியவில்லை என்ற அலறல் இருக்கிறது. அவரே குடலிலிருந்துதான் தொடங்கினார்.

மனைவி நிரப்பித் தரும் சொற்களைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன். அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா பம்பாய்க்கு ஸ்டெனோவாக வந்தவர். அந்தக் காலத்தில் டைப்பும் ஷார்ட்ஹேண்ட் என்ற சுருக்கெழுத்தும் படித்துவிட்டு மாட்டுங்காவில் வந்து இறங்கிய நூற்றுக்கணக்கான தமிழ்ப் பையன்களில் ஒருவர். 1987இல் அவருக்கும் இடது பக்கத்தில்தான் கட்டி. முதலில் போனது பொருள்களின் பெயர்கள். கரண்டியைக் காட்டினால், சாம்பார் எடுப்போமே அது என்பார். எங்களுக்குப் பாவமாக இருக்கும். அவர் வாயெடுப்பதற்குள் நாங்களே சொல்லிவிடுவோம். உதவி என்று நினைத்தோம்.

பதினான்கு மாதம் இருந்தார். பல வருஷம் கழித்து, அம்மாவும் போன பிறகு, டிரங்குப் பெட்டியில் அவருடைய ஷார்ட்ஹேண்ட் நோட்டு கிடைத்தது. மேல்பக்கம் சுருள் கம்பி போட்ட நீள நோட்டு, பென்சில் கோடுகள். வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ரிட்டயரான ஸ்டெனோ ஒருவரிடம் எடுத்துப்போனேன். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பது கஷ்டம், கை பழகினவர்கள் உயிரொலிகளைப் போடவே மாட்டார்கள் என்றார். பூதக்கண்ணாடி வைத்து இரண்டு மத்தியானம் உட்கார்ந்து படித்துச் சொன்னார்.

தத்துவம் ஒன்றுமில்லை. சொற்களின் பட்டியல். அன்றைக்கு வராமல் போன சொல், அது நின்ற நேரம், திரும்பி வந்த நேரம். தமிழ்ச் சொல்லையும் ஒலியை வைத்து அதிலேயே எழுதியிருக்கிறார். சாவி, காலை 9.10, 11.40. கொத்தமல்லி, 4.00, 4.25. முறம், காலை 8.20, ராத்திரி 2.15.

அந்த முறம் எனக்கு நினைவிருக்கிறது. அம்மா அரிசி புடைப்பாளே அது, அது என்று தவித்தார். நான்தான் ‘முறம்ப்பா’ என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். நான் சொன்னதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. தானாக வரும்வரை காத்திருந்திருக்கிறார். ராத்திரி இரண்டேகாலுக்கு, நாங்கள் எல்லாம் தூங்கும்போது, அது வந்திருக்கிறது. எழுந்து குறித்து வைத்திருக்கிறார்.

ஷார்ட்ஹேண்டில் ஒரே கோட்டை லேசாகப் போட்டால் ஒரு எழுத்து, அழுத்திப் போட்டால் வேறு எழுத்து. கடைசிப் பக்கங்களில் அழுத்தம் இல்லை, எல்லாம் லேசான கோடு, இனிமேல் ஊகிக்கத்தான் முடியும் என்று அந்த ரிட்டயரான ஸ்டெனோ நோட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டார்.

அதனால் சொல்கிறேன். உங்கள் மனைவியின் அன்பில் ஒரு குறையும் இல்லை, அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் நிரப்ப விடாதீர்கள். சொல் வராத இடத்தை வெற்றாக விடுங்கள். வந்த பிறகு வேறு மையில் எழுதுங்கள், நேரம் போடுங்கள். வரவே இல்லையென்றால் அந்த வெற்றிடம் அச்சிலும் அப்படியே இருக்கட்டும். எப்படியிருந்தாலும் எழுத்து உங்களுடையதுதான், அதில் சந்தேகம் வேண்டாம். நான் சொல்வது வேறு. அந்த இடத்தில்தான் உங்கள் நோய் கைக்கு எட்டுகிறது. அதையே பூசி மெழுகிவிட்டால் படிக்கிறவனுக்கு என்ன கிடைக்கும்?

இன்னொன்று. ஆபரேஷனைப் பற்றி ‘அந்த அனுபவம் என்னை மாற்றியது’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். மூளைக்கு வலி தெரியாது. தலைத்தோலை மரத்துப்போகச் செய்துவிட்டு, மெல்லிய மின்சாரத்தால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே பேசச் சொல்கிறார்கள். தொடும்போது பேச்சு நின்றால் அங்கே கத்தி வைப்பதில்லை. அப்படியானால், உங்கள் வாய் நின்றதே, அது அப்படித் தொட்ட நேரமாக இருந்தால், அந்த இடத்தை விட்டுவைத்திருப்பார்கள். ஒருவேளை மிச்சமிருக்கும் கட்டியும் அதை ஒட்டித்தான் இருக்கும். எனக்கு வந்த இந்தக் கடிதத்தில் பாதி அங்கிருந்துதான் வந்திருக்கும்.

எந்தப் படம் அது? குடையா, பசுவா, நாற்காலியா? தமிழில் நின்றதா, இந்தியில் சொல்ல வந்ததா? அதை எழுதுங்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பகலில் எழுதுங்கள். முதலில் எனக்கு அனுப்புங்கள்.