ஒன்பதே நாளில் இறந்த இகுவானா: கடைக்காரர் பொறுப்பா?

மார்த்தாண்டம் வாசகர் ஒருவரின் கேள்வி: "திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் மகனுக்காக 14,000 ரூபாய்க்கு இகுவானா (வெளிநாட்டுப் பெரிய பல்லி) குட்டி வாங்கினேன். பணம் ஜிபேயில் அனுப்பினேன், பில் தரவில்லை. வந்த நாளிலிருந்தே சரியாகத் தின்னவில்லை, ஒன்பதாம் நாள் இறந்துவிட்டது. எலும்புகள் மென்மையாகி இருந்ததாகக் கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனையில் எழுதியிருக்கிறார். கடைக்காரரோ, 'உயிருள்ளதுக்கு கேரண்டி கிடையாது, நீங்கள் லைட் போட்டீர்களா?' என்கிறார். வழக்குப் போடலாமா?"

போடலாம். உங்கள் கையில் இருப்பதிலேயே வலுவான ஆதாரம் அந்தப் பிரேதப் பரிசோதனை அறிக்கைதான். லைட் கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. புற ஊதாக் கதிர் கிடைக்காவிட்டால் இகுவானாவின் உடலில் கால்சியம் சேராது, எலும்பு மென்மையாகும், தாடை வீங்கும். உண்மைதான். ஆனால் அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் முற்றுகிற நோய். ஒன்பது நாளில் வராது. நோயோடுதான் விற்றார் என்று வாதாட இதுவே போதிய அடிப்படை. நோய் எவ்வளவு நாள் பழையது என்பதையும் அந்த மருத்துவரிடமே எழுதி வாங்கிவிடுங்கள். அதே குட்டி உங்கள் வீட்டில் வெயிலில் மாட்டியோ, ஆகாததைத் தின்றோ இறந்திருந்தால் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. (இப்படி ஒரு பிராணி இறந்தால் உடலை ஃபிரீசரில் வைக்காதீர்கள், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உறைந்துபோனால் திசுக்கள் கெட்டுவிடும்.)

'கேரண்டி கிடையாது' என்று விற்ற பிறகு சொல்வது செல்லாது. பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. பில் இல்லாவிட்டாலும் ஜிபே பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் விற்பனையைக் காட்டும். எதையும் அழித்துவிடாதீர்கள்.

சரி, இனி நான் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். பச்சை இகுவானா, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் வருகிறது. வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறினாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். கடைக்காரர் பதிவு செய்திருந்தாரா, உங்கள் பெயருக்கு மாற்றினாரா? நீங்கள் எழுதவே இல்லை. பதிவு இல்லையென்றால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இதைத்தான், சிக்கல் உங்களுக்கும் உண்டு. ஆகவே நோட்டீஸ் அனுப்பும் முன் ஒரு வக்கீலிடம் காகிதங்களைக் காட்டிவிடுங்கள். நட்சத்திர ஆமை வாங்கி ஏமாந்தவர்களும் என்னிடம் வருகிறார்கள். அதை வைத்திருப்பதே சிறைக்குரிய குற்றம். பணத்தைக் கேட்கப் போய் வழக்கில் மாட்டிக்கொள்வார்கள்.

காகிதங்கள் சரியாக இருந்தால், 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை கேரளாவில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் வழக்குப் போட 2019 சட்டம் இடம் தருகிறது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. விலை, மருத்துவச் செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, இவ்வளவே கேளுங்கள். லட்சக்கணக்கில் கேட்டால் உங்கள் புகாரின் மதிப்புதான் குறையும்.