அந்த பேட்ஜைக் கழற்றிவிடுங்கள்

கேள்வி: மார்த்தாண்டத்தில் வாங்கிய டீ-சர்ட்டில் பாரா கமாண்டோக்களின் ‘பலிதான்’ பேட்ஜ் தைத்திருக்கிறது. ராணுவத்தின் மேல் உள்ள மரியாதையில்தான் போடுகிறேன். நாகர்கோவில் பஸ்சில் ஒரு எக்ஸ் மிலிட்டரிக்காரர் “எந்த யூனிட் தம்பி?” என்று கேட்டார். நான் பட்டாளத்தில் இல்லை என்றதும் கழற்றச் சொன்னார். அவருக்கு என்ன உரிமை?
– வாசகர், தக்கலை

பதில்: எல்லா உரிமையும் உண்டு. அவர் சண்டைக்கு வரவில்லை, முதலில் யூனிட்டைத்தான் கேட்டிருக்கிறார். உங்கள் சட்டையில் இருந்ததை நம்பி, தம் ஆள் ஒருவன் என்று நினைத்துப் பேச வந்த மனுஷன் ஏமாந்து போயிருக்கிறார்.

அந்த பேட்ஜ் பாரா சிறப்புப் படையினருக்கு, அதாவது பாரா கமாண்டோக்களுக்கு மட்டும் உரியது. அதே பாராசூட் ரெஜிமென்டில் இருந்துகொண்டு விமானத்திலிருந்து குதிக்கிற மற்ற வீரர்கள்கூட அதைக் குத்திக்கொள்ள முடியாது. தூக்கத்தைக் கெடுத்து உடம்பை மாதக்கணக்கில் வதைக்கும் தேர்வில் தேற வேண்டும், போகிறவர்களில் பெரும்பாலானோர் தேறாமல் திரும்புகிறார்கள். தோனி போட்டாரே என்பீர்கள். அவர் பிராந்திய ராணுவத்தில் கௌரவ லெப்டினன்ட் கர்னல், பாராசூட் பயிற்சி முடித்தவர். அவரையே 2019 உலகக் கோப்பையில் கையுறையிலிருந்து அதை எடுக்கச் சொன்னது ஐசிசி (அது கிரிக்கெட் விதி, வேறு விஷயம்).

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அந்த உடையையோ அடையாளத்தையோ அணிந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆம் பிரிவின்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை, சரி. ஆனால் பஸ்சில் பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்துக்குள் ராணுவ உடையில்தான் தீவிரவாதிகள் நுழைந்தார்கள், அதன் பிறகு அந்த மாதிரி உடைகளைப் பொதுமக்கள் போட வேண்டாம் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது.

நம் மாவட்டத்தில் இதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் எனக்கு வருத்தம். 1741-ல் திருவிதாங்கூர் படை டச்சுக்காரர்களை வென்றதற்கான தூண் குளச்சலில் நிற்கிறது. அந்தப் படையின் வழிவந்த பட்டாலியன் இன்றும் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருக்கிறது.

வீட்டில் யாராவது பட்டாளத்தில் இருந்து காலமாகியிருந்தால், அவருடைய மெடல்களை போர் நினைவிடங்களில் நடக்கும் அஞ்சலி நிகழ்ச்சிகளில் வலது மார்பில் குத்திக்கொள்ளுங்கள், அது குடும்பத்தாருக்கு உள்ள வழக்கம். யாரும் இல்லையென்றால் டிசம்பர் 7 கொடிநாள் வருகிறது. நிதி கொடுத்து அந்தச் சின்னக் கொடியை வாங்கிச் சட்டையில் குத்துங்கள். நம்மைப் போன்றவர்கள் அணிவதற்கென்றே 1949 முதல் கொடுத்து வருகிறார்கள்.