குறுக்குக் கம்பி போட்டால் அண்டா எங்கே போகும்?

கேள்வி: அண்ணே, வணக்கம். என்னிடம் 2006 மாடல் ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப் கார் இருக்கிறது. சமையல் வேலைக்குப் போகிறேன். புரட்டாசி வந்துவிட்டால் சனிக்கிழமைதோறும் சாட்ஸ்வர்த், வெருலம் என்று அண்டா, அடுப்பு, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும். வளைவில் பின்பக்கம் ஆடுகிறது. பின் ஸ்ட்ரட் பிரேஸ், அதாவது இரண்டு பின் ஷாக் அப்சார்பரின் மேல்தலைகளையும் இணைக்கும் குறுக்குக் கம்பி, போட்டால் சரியாகும் என்கிறார்கள். டிக்கியில் இடம் போய்விடுமா?
— ஒரு வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: தம்பி, கம்பிக்குக் காசு எடுத்து வைக்கும் முன், வண்டியைக் காலியாக ஒரு தடவை அதே வளைவில் ஓட்டிப் பாருங்கள். காலியாகவும் ஆடினால் பழைய ஷாக்கோ, பின் பீமின் ரப்பர் புஷ்ஷோ, டயர் காற்றோதான் காரணமாக இருக்கும். அதற்குக் கம்பி மருந்தல்ல. பாரம் ஏற்றினால் மட்டும் ஆடுகிறதென்றால், அண்டாவை எவ்வளவு உயரத்தில் வைக்கிறீர்கள், கட்டினீர்களா என்பதைப் பாருங்கள்.

1984 முதல் 2009 வரை நம் தென்னாப்பிரிக்காவிலேயே செய்த வண்டி அது. இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே பீம் இணைக்கிறது. வளைவில் வரும் பக்க விசையை முக்கியமாக அந்தப் பீமும் அதன் புஷ்ஷும்தான் தாங்குகின்றன. ஷாக்கின் மேல்தலையை இழுத்துப் பிடிக்கும் கம்பிக்கு அதில் பங்கு குறைவு. ஆனாலும் பின்கதவுக்காகப் பெரிதாகத் திறந்த வண்டியின் உடம்பு, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். கம்பி குறைப்பது அந்த முறுக்கலைத்தான். முன்பக்கக் கம்பியில் தெரிகிற அளவு வித்தியாசத்தை இதில் எதிர்பார்க்காதீர்கள்.

இனி இடம். இந்த வண்டியில் பின் ஷாக்கின் மேல் நட்டு சீட் முதுகுக்குப் பக்கத்தில், இருபுறமும், ரப்பர் மூடிக்கு அடியில் இருக்கிறது. கம்பி அங்கே குறுக்கே போகும். சீட் நிமிர்ந்திருக்கும்வரை கம்பிக்குக் கீழே பைகளும் டப்பாக்களும் தாராளமாகப் போகும். சீட்டை மடக்கினால்தான் சிக்கல். பெரிய அண்டா கம்பியைத் தாண்டிப் போகாது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒரு துடைப்பக்கட்டையை அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே குறுக்கே கட்டிவிட்டு இரண்டு வாரம் வேலைக்குப் போங்கள். எது இடிக்கிறது, எதை இறக்கிவைக்க வேண்டியிருக்கிறது என்பது கையால் தெரியும். கம்பி வாங்கலாமா என்பதை நான் சொல்வதைவிட அந்தக் கட்டை நன்றாகச் சொல்லும்.

வாங்குவதென்றால், நடுத்தண்டை மட்டும் போல்ட்டில் கழற்றக்கூடிய வகை வாங்குங்கள். சட்டென்று கழற்றலாம் என்று போல்ட்டுக்குப் பதில் ஆணி போன்ற பின் (pin) செருகும் வகையை நான் ஒரு தடவை என் வண்டியில் போட்டேன். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கம் முழுக்க கடகடவென்று சத்தம். உடம்பு வளைவதே மில்லிமீட்டர் கணக்கில்தான். செருகுமிடத்தில் அதே அளவு ஆட்டம் இருந்தால் கம்பி எதைப் பிடிக்கும்? எட்டு மில்லிமீட்டர் போல்ட் என்றால் 13 ஸ்பேனர் போதும், இரண்டு பக்கமும் சில நிமிட வேலை.

மாட்டும்போது ஒன்றை மறக்காதீர்கள். வண்டி நான்கு சக்கரத்திலும் சமதரையில் நிற்க வேண்டும். ஜாக்கில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் மேல் நட்டைக் கழற்றினால் ஷாக் கீழே இறங்கிவிடும். ஒரு பக்கம் முடித்து இறுக்கிய பிறகே மறு பக்கம். கம்பியின் நீளத்தை உடம்பு இருக்கிற அளவுக்கே சரிசெய்யுங்கள், தள்ளியோ இழுத்தோ மாட்டாதீர்கள். இன்ஷூரன்ஸ்காரரிடமும் சொல்லி எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சிலிண்டரை அந்தக் கம்பியில் கட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், தம்பி. அது பாரம் கட்டும் கொக்கியல்ல. சிலிண்டரை நிமிர்த்தி, தரையில் உறுதியான இடத்தில் பட்டை போட்டுக் கட்டி, ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டுங்கள்.