வகுப்பு முடிந்தும் இரண்டு யூனிட் கேட்கிறார்களா?

தேவைக்கு மட்டுமே ரத்தம் ஏற்றச் சொல்லித்தரும் ரத்த மேலாண்மைப் பயிற்சி நடத்திய பிறகும் அறுவை சிகிச்சைப் பிரிவில் வழக்கம்போல் இரண்டு யூனிட் ரத்தமே கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு விரிவுரை வேண்டாம். சென்ற மாதம் ரத்தம் ஏற்றிய நோயாளிகளின் குறிப்புகளை, பெயர்களை நீக்கிவிட்டு, அடுத்த வகுப்பில் பாடமாக வையுங்கள். ஏற்றும் முன் ஹீமோகுளோபின் எவ்வளவு? முதல் யூனிட்டுக்குப் பின் மறுபடி பார்த்தார்களா? ரத்தக்கசிவின்றி நிலையாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7 கிராமாகக் குறையும் வரை ரத்தம் ஏற்றாமல் பொறுக்கலாம். இதய நோயோ எலும்பு அறுவை சிகிச்சையோ என்றால் 8. தேர்வில் இதை எல்லோரும் சரியாகத்தான் எழுதுவார்கள்! கோளாறு கோரிக்கைப் படிவத்தில் இருக்கிறது. அதில் 'ஒரு யூனிட், பிறகு மறுபரிசோதனை' என்று அச்சிடச் சொல்லுங்கள். அறுவைக்குத் தேதி குறிப்பவரையும் வகுப்புக்கு அழையுங்கள்: முந்தைய நாள் தெரியவரும் ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை உதவாது, அதற்கு வாரக்கணக்கில் அவகாசம் வேண்டும்.