சயனோடைப் அச்சுக்கு எந்த விளக்கு வாங்கலாம்?

சயனோடைப் என்பது புற ஊதா ஒளி பட்டால் நீலமாகும் கரைசலைத் தாளில் பூசி எடுக்கும் படம். டர்பனில் கோடை மழைக்காலத்தில் வெயிலை நம்ப முடியவில்லை, வீட்டு எல்இடி பல்பு போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. சயனோடைப் கரைசலுக்கு முக்கியமாக 300–400 நானோமீட்டர் புற ஊதா ஒளி வேண்டும். சாதாரண வெள்ளை எல்இடியில் அது கிட்டத்தட்ட இல்லை. (தாளில் கரைசல் பூசும்போது அந்த எல்இடியையே மங்கலாக எரியவிடலாம்.)

'பிஎல்' (பிளாக்லைட், அதாவது புற ஊதா விளக்கு) என்று குறித்த 18 வாட், 60 செ.மீ. டி8 (ஓர் அங்குலப் பருமன்) குழல்விளக்குகளை வாங்குங்கள். 'பிஎல்பி'யும் (பிளாக்லைட் புளூ) வேலை செய்யும், ஆனால் அதன் கருநீலக் கண்ணாடியால் அச்சுக்குக் கூடுதல் பயனில்லை. ஏ4 தாளுக்கு எட்டுக் குழல்கள், மையத்துக்கு மையம் 4 செ.மீ.; தாள் 8–10 செ.மீ. தள்ளி இருக்கட்டும். நெருக்கினால் அச்சில் வரி வரியாக விழும். 395 நானோமீட்டர் எல்இடி ஃப்ளட்லைட்டும் ஆகும். கிட்டே வைத்தால் நடுப்பகுதி மட்டும் கருத்துவிடும்.

ஒன்றை மட்டும் தொடவே வேண்டாம்: கிருமி கொல்லும் 'யுவிசி' குழல். அதே ஹோல்டரில் பொருந்தும், கண்ணையும் தோலையும் சுட்டுவிடும்.

தாளை அழுத்திப் பிடிக்கும் சட்டத்துக்குச் சாதாரண 3 மி.மீ. கண்ணாடி போதும், புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி எல்லா உழைப்பையும் வீணாக்கும். ஒளி படும் நேரத்தை 5 நிமிடப் படிகளாகச் சோதனைத் துண்டில் பாருங்கள். அடர்ந்த பகுதி வெண்கலச் சாம்பலாக மாறியதும் நிறுத்தி அலசுங்கள்.