பிட்புல் நாய்களுக்கு மட்டும் கட்டாயக் கருத்தடை: ஒரு நகரத்தால் அப்படிச் சட்டம் போட முடியுமா?

முடியும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 2006 முதல் அப்படி ஒரு விதி உண்டு.

2005 ஜூனில் அங்கே 12 வயதுப் பையன் ஒருவனை அவன் வீட்டில் வளர்ந்த பிட்புல் நாய்களே கடித்துக் கொன்றுவிட்டன. ஊரே கலங்கிப்போனது. ஆனால் ஆபத்தான நாய்களுக்கான விதிகளை இனம் பார்த்துப் போட கலிபோர்னியா மாநிலச் சட்டம் நகரங்களை விடவில்லை. அதே ஆண்டு அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி, கருத்தடையையும் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டையும் நகரங்கள் நாய் இனவாரியாக விதிக்கலாம். ஓர் இனத்தையே ஆபத்தானது என்று அறிவிக்கக் கூடாது. நாய்க்கடிக் கணக்கையும் மாநிலத்துக்குக் கொடுக்க வேண்டும்.

சரி, எது பிட்புல்? சிக்கலே இங்கேதான். அது ஒற்றை இனம் அல்ல. அமெரிக்கன் பிட்புல் டெரியர், ஸ்டாஃபோர்ட்ஷயர் வகைகள் எல்லாம் அதில் அடங்கும். கலப்பு நாய் என்றால் அகன்ற தலை, தடித்த தாடை, கட்டையான உடம்பு என்று கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். இதில் தவறு நேர வாய்ப்பு அதிகம். கருத்தடை அறுவைச் சிகிச்சையைத் தாங்காத நாய்களுக்கு விலக்கு உண்டு.

கருத்தடை செய்தால் நாய் கடிக்காது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். வேண்டாத குட்டிகள் பிறந்து காப்பகக் கூண்டில் சாவதை அது குறைக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை ஆதரிக்கிறேன். கடியைத் தடுக்க, குட்டியிலிருந்தே பழக்க வேண்டும். சிறு பிள்ளையை நாயோடு தனியே விடவே கூடாது.